கேற் பூட்டும் வரை நின்றவர்

சனி, ஞாயிறுகளில் இந்திரகுமார் கோட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். மற்ற ஐந்து நாட்களும் அவர் உடுப்பது பஞ்சு அடைத்த குளிரறைச் சட்டை. சிட்னியின் செவன் ஹில்ஸில் உறைந்த இறைச்சியும் மீனும் அடுக்கி வைக்கும் களஞ்சியம் ஒன்றில் அவருக்கு வேலை. வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சட்டையைக் கழற்றும்போது விரல் நுனிகள் தனக்குச் சொந்தமானவையா என்றே அவருக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் தீர்வதற்குள் சனிக்கிழமை விடிந்துவிடும்.

கோட், கொழும்பில் கலியாணப் பதிவு எழுத்துக்காகத் தைத்தது. வயிற்றுப் பொத்தான் இப்போது எட்டாது. ஆனால் இருந்துகொண்டே செய்யும் வேலைக்குப் பொத்தான் பூட்டத் தேவையில்லை. டூங்கபியில் இருந்து தன் பழைய கொரோலாவில் ஜிரவீனுக்குப் போய், கணேசலிங்கம் வீட்டு வாசலில் அதை விட்டுவிட்டு, அங்கே நிற்கும் கறுப்புக் காரை எடுத்துத் துடைப்பார். பின் இருக்கைக் கதவுகளில் தண்ணீர்ப் போத்தல் வைப்பார். ஒரு சின்னக் கிண்ணத்தில் மிட்டாய் போடுவார். பிறகு கணேசலிங்கம் தந்த போனைக் கண்ணாடிக்குக் கீழே மாட்டி, அதில் ஒரு பொத்தானை அமுக்குவார்; திரை பச்சையாகும். அந்த நிமிடத்திலிருந்து அவர் போன் கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போகிற மனிதர்.

அது இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் வருடம். போன் வழியே கார் அனுப்பும் அந்தக் கம்பனி சிட்னிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பயணி தன் போனில் தட்டினால் கோட் போட்ட சாரதியுடன் கறுப்புக் கார் வாசலுக்கு வரும். காசு கைமாறாது. இறங்கியபின் பயணி சாரதிக்கு நட்சத்திரம் போடுவார். ஐந்து விழுந்தால் நல்லவன். அதற்குக் கீழே விழுந்தால் ஏன் விழுந்தது, யார் போட்டார் என்று சாரதிக்குத் தெரியாது. நட்சத்திரம் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் நம்மவர்களிடம் ஏற்கெனவே உண்டு. அங்கே பிறந்தபோது ஒருமுறை பார்த்து முடித்துவிடுவார்கள். இங்கே கதவு திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும்.

கணேசலிங்கத்துக்கு இப்படி இரண்டு கார்கள். கார் அவருடையது, உரிமம் அவருடையது, கம்பனியோடு கணக்கும் அவர் பெயரில். இந்திரகுமார் அவருக்கும் வேலையாள் இல்லை, கம்பனிக்கும் வேலையாள் இல்லை. யாருக்கும் வேலையாள் இல்லாத ஒருவருக்கு லீவு கிடையாது, காய்ச்சல் கிடையாது, கேட்பார் கிடையாது. "நீர் இப்ப சொந்தத் தொழில் செய்யிறீர், ஐசே" என்று கணேசலிங்கம் முதல் நாள் தோளில் தட்டிச் சொன்னார். சொந்தத் தொழில் என்பது அடுத்தவன் காரைக் கழுவுவதிலிருந்து தொடங்கும் என்று இந்திரகுமார் அன்றைக்குத்தான் அறிந்தார்.

இந்த வேலையில் ஓட்டுவது சுலபம். காத்திருப்பதுதான் கடினம். எங்கே நிறுத்தினால் குற்றச்சீட்டு விழாது, எந்தப் பெற்றோல் செட்டில் கழிவறைப் பூட்டின் திறப்பை முகம் சுளிக்காமல் தருவார்கள், எந்தப் பூங்காவில் மதியம் நிழல் இருக்கும் என்பதெல்லாம் ஓட ஓடத்தான் தெரியும். காருக்குள் சாப்பிடக் கூடாது. கம்பனி அப்படி எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒருநாள் மழைக்கு உள்ளேயே இருந்து, மனைவி நிரஞ்சினி கட்டித் தந்த புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டார். அடுத்து ஏறிய கணவனும் மனைவியும் குளிரிலும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று மாலை அவருடைய சராசரி ஒரு படி இறங்கியது. அதன் பிறகு சாப்பாட்டுப் பெட்டியை டிக்கியின் மேல் வைத்து, கோட்டைக் கழற்றி மரக்கிளையில் கொழுவிவிட்டு, நின்றபடியே சாப்பிடுவார். நாய் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் அவரைச் சுற்றிப் போவார்கள். நாய்கள் மட்டும் கொஞ்சம் நின்று மணந்து பார்க்கும்.

பேச்சிலும் அவர் பல பாடங்கள் படித்தார். ஏறுகிறவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீடு சொந்தமா வாடகையா என்று கேட்பது நம்மிடையே மரியாதை. கேட்காமல் இருப்பதுதான் செருக்கு. இங்கே அது போலீஸ் விசாரணை. முதல் மாதம் நல்ல மனதோடு விசாரித்து விசாரித்தே நட்சத்திரங்களை இழந்தார். பிறகு "குட் மோர்னிங்", "ரெம்பரேச்சர் ஓகேயா" என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டார். நாள் முழுக்க ஆட்களோடு இருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாதவராக வீட்டுக்கு வருவார்.

இவ்வளவுக்கும் காரணம் வவுனியாவில் இருந்தது. நிரஞ்சினியின் தம்பி யதுஷனின் மனைவி விமலாவும் இரண்டு பிள்ளைகளும் அங்கே வாடகை வீடொன்றில் இருந்தார்கள். யதுஷன் இருந்தது சிட்னியில், கம்பி வேலிக்குள். படகில் வந்தவன். வந்த அடுத்த வருடம் அவன் உண்மையான அகதிதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. அதற்கடுத்த வருடம் பாதுகாப்புச் சோதனையில் அவன் தேறவில்லை என்று சொன்னது. ஏன் என்று அவனுக்கும் சொல்லவில்லை, அவனுடைய வக்கீலுக்கும் சொல்லவில்லை. அகதி என்பதால் திருப்பி அனுப்ப முடியாது. சோதனையில் தேறாததால் வெளியே விடவும் முடியாது. ஆகவே முகாமில் இரு என்றார்கள். எவ்வளவு காலம் என்றும் சொல்லவில்லை.

இந்திரகுமாரின் வார நாள் சம்பளமும், முதியோர் இல்லத்தில் நிரஞ்சினி உழைப்பதும் டூங்கபி வீட்டுக்குச் சரி. வார இறுதிக் கார் வவுனியாவுக்கு. அந்த வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அரிசி எல்லாம் அந்தக் கறுப்புக் காரின் பின் இருக்கையில் ஏறி இறங்கியவர்களால் நடந்தன. அவர்களுக்கு அது தெரியாது.

அந்த ஆடி மாதத்துச் சனிக்கிழமை மாலை எயர்போட்டில் ஒரு பெண் ஏறினாள். முப்பது வயதிருக்கும். வரும் வழியெல்லாம் போனில் யாருடனோ களைத்த குரலில் பேசிக்கொண்டு வந்தாள். நியூடவுன் பக்கம், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகள் உள்ள ஒரு சின்னத் தெரு. குளிர்காலம் என்பதால் அப்போதே இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டியை இறக்கிப் படியில் வைத்தார். அவள் நன்றி சொல்லிவிட்டுத் திறப்பைத் தேடிப் பைக்குள் கைவிட்டாள். அவர் காருக்குள் வந்து உட்கார்ந்தார். ஆனால் எடுக்கவில்லை.

அவளுக்குத் திறப்புக் கிடைக்கவில்லை. திரும்பிக் காரைப் பார்த்தாள். இந்திரகுமார் முன் விளக்கை ஒருமுறை அணைத்து எரித்தார். அவள் இன்னும் வேகமாகத் தேடினாள். ஒருவழியாகத் திறந்து உள்ளே போனாள், கதவு மூடியது. அவர் அப்போதும் எடுக்கவில்லை. முன்னறையில் வெளிச்சம் வரட்டும் என்று பார்த்திருந்தார். வெளிச்சம் வந்தது. திரைச்சீலை கொஞ்சம் விலகியது. அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் புறப்பட்டார். அன்றைக்குச் செய்த காரியங்களில் அவருக்கு மனநிறைவு தந்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொத்தானை அமுக்கியபோது போன் பச்சையாகவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்துவிட்டுக் கணேசலிங்கத்தின் கதவைத் தட்டினார். கணேசலிங்கம் குளித்து, திருநீறு பூசி, சாரம் உடுத்தபடி வந்து நின்றார்.

"அண்ணை, போன் வேலை செய்யேல்லை."

"போன் வேலை செய்யுது. உம்மைத்தான் நிப்பாட்டியிருக்கினம்."

"என்னையோ? ஏன்?"

"ராத்திரி ஈமெயில் வந்தது. ஆரோ கொம்பிளெயின் பண்ணியிருக்கினமாம். விசாரிச்சு முடியுமட்டும் ஓட ஏலாதாம்."

"என்ன கொம்பிளெயின்?"

"அது போடேல்லை."

"ஆரை விசாரிக்கினம், அண்ணை? என்னையெல்லோ விசாரிக்க வேணும்?"

கணேசலிங்கம் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஐசே, அவ்வளவு பெரிய கம்பனி. சும்மா செய்வினமே? நீர் ஏதோ செய்திருப்பீர். ஆறுதலா இருந்து யோசிச்சுப் பாரும்."

"நான் ஒண்டும் செய்யேல்லை."

"உமக்கு என்ன ராசி?"

"விருச்சிகம்."

"அப்ப சரி. ஏழரைச் சனி துடங்கிட்டுது. சனிக்கிழமையளிலை கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரியும் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

"சனிக்கிழமை உங்கட காரையெல்லோ ஓடுறன்."

"இப்ப இல்லைத்தானே" என்றார் கணேசலிங்கம். "இப்ப உமக்கு நேரமிருக்கு."

கொரோலாவை எடுத்துக்கொண்டு வந்த இந்திரகுமார் வீட்டுக்குப் போகாமல் டூங்கபி ஸ்டேசன் அருகே நிறுத்தினார். யோசித்துப் பார்த்தார். போன வாரம் யாரையாவது பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாரா? பிரேக்கைச் சடாரென்று மிதித்தாரா? சாப்பாடு மணந்ததா? ஏறிய ஒவ்வொருவரையும் நினைவிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தினார். நினைக்க நினைக்க எல்லோருடைய முகத்திலும் கொஞ்சம் கோபம் தெரிந்தது. குற்றம் எதுவென்று சொல்லாமல் ஒருவனைத் தண்டித்துவிட்டால் போதும், மீதி வேலையை அவனே செய்துகொள்வான். தன் வாழ்நாள் முழுவதையும் புரட்டி ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுப்பான். கிரகங்களின் வியாபாரம் ஆயிரமாயிரம் வருடமாக இந்த மூலதனத்தில்தான் நடக்கிறது. சனி எந்தக் காலத்தில் காரணம் சொன்னது? எண்ணெய் எரிக்கிறவன் எவன் காரணம் கேட்டான்? அரசாங்கமும் கம்பனியும் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நம் வீடுகளில் பழகிய பக்தியைத்தான் அவையும் எதிர்பார்க்கின்றன.

"சும்மா செய்வினமே" என்ற சொல் அவரை விடவில்லை. அதை அவர் முன்பும் கேட்டிருக்கிறார், தன் வாயிலிருந்தே. யதுஷன் சோதனையில் தேறவில்லை என்ற செய்தி வந்த இரவு, அழுதுகொண்டிருந்த நிரஞ்சினியிடம் அவர் சொன்னது இதுதான். "அவங்கள் சும்மா செய்யமாட்டாங்கள். இவன் எங்கையோ என்னத்தையோ செய்துதானிருக்கிறான். எங்களுக்குச் சொல்லேல்லை." அவள் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அதன் பிறகு அவர் முன்னால் தம்பியைப் பற்றி அவள் அழவில்லை. அழாமல் விட்டது ஆறுதலால் என்று அவர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னபோது நிரஞ்சினி அவரிடம் "என்ன செய்தனீங்கள்?" என்று கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களோ?" என்றுதான் கேட்டாள்.

கேட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வாரத்தின் நடுவில், களஞ்சியத்துத் தேநீர் இடைவேளையில், கணேசலிங்கத்தின் அழைப்பு வந்தது. காரணம் வந்துவிட்டது. மூன்று வரி. இன்ன நாள் மாலை, இன்ன தெருவில் பயணியை இறக்கிய பின் சாரதி போகவில்லை. விளக்கைப் போட்டுக் காட்டினார். பயணி உள்ளே போன பின்பும் வீட்டைப் பார்த்தபடி நின்று கையசைத்தார். பயணி மிகவும் பயந்துபோனார்.

"நீர் ஏன் ஐசே அங்கை நிண்டனீர்?"

இந்திரகுமாருக்குச் சிரிப்பு வந்தது. "அந்தப் பிள்ளை உள்ளை போகட்டும் எண்டு" என்றார்.

சிட்னிக்கு வருமுன் அவர் கொழும்பின் வெள்ளவத்தையில் ஆட்களை ஏற்றி இறக்கும் வான் ஓடியவர். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் தமிழர்கள் அறை எடுத்துத் தங்கியிருந்த காலம். வெள்ளை வானில் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன காலம். அங்கே சாரதிமார் ஒரு முறை வைத்திருந்தார்கள். வாசலில் இறக்கியதோடு வேலை முடிவதில்லை. வீட்டு வாசல் கேற் பூட்டும் சத்தம் கேட்க வேண்டும், உள்ளே வெளிச்சம் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டி எடுப்பது. திறப்புத் தேடி யாராவது தடுமாறினால் விளக்கை ஒருமுறை அணைத்து எரிப்பார்கள். நிற்கிறேன், அவசரப்படாதே என்று அதற்கு அர்த்தம். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அப்படி நிற்காமல் போகிற வானில் தாய்மார் பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். வங்கியொன்றில் வேலை செய்த நிரஞ்சினியையும் அவர் அப்படித்தான் பல மாதங்கள் இறக்கிவிட்டிருக்கிறார். அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் அவள் அவரைக் கவனித்தாள்.

பத்து வருடங்களுக்கு மேல் கடந்தும் அவருடைய கால் அந்த முறையை மறக்கவில்லை. ஆள் உள்ளே போகுமுன் அது அக்ஸலறேற்றரை மிதிக்கவே மாட்டாது.

இரவுச் சாப்பாட்டின்போது பதினைந்து வயது மகள் மிதுஷா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, தட்ஸ் சோ கிரீப்பி" என்றாள்.

"என்னம்மா கிரீப்பி? அவ உள்ளை போறவரைக்கும் காவல் நிண்டனான்."

"அவவுக்கு அது தெரியாதே. ஆரோ ஒரு ஆம்பிளை, டார்க்கா இருக்கு, கீயைக் காணேல்லை, அவர் லைட் அடிச்சுக் காட்டுறார். நானெண்டால் பயத்திலை செத்திருப்பன், அப்பா."

இந்திரகுமார் சாப்பாட்டில் கைவைத்தபடி இருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் அதைப் பார்த்திருக்கவில்லை. பெண்ணின் பயம் பொய்யல்ல. இந்த ஊரிலும் பெண்கள் வீட்டுத் திறப்பை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவர் காவல் நின்றதும் உண்மை, அவள் நடுங்கியதும் உண்மை. இருவரையும் ஐந்து நிமிடம் எதிரெதிரே கதிரை போட்டு இருத்தியிருந்தால் இரண்டும் ஒருவருக்கொருவர் விளங்கியிருக்கும். ஆனால் அப்படி இருத்துவதற்குக் கம்பனியிடம் கதிரை இல்லை. ஒரு பொத்தான்தான் இருந்தது.

கணேசலிங்கம் வழியும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். எழுத வேண்டியதை அவரே தன் மருமகனைக்கொண்டு தயாரித்து அனுப்பியிருந்தார்: என் நடத்தை தகாதது என்று ஒப்புக்கொள்கிறேன். பயணியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி இப்படி நடக்க மாட்டேன்.

"இதை அப்பிடியே அனுப்பும். மற்றக் கார் ஓடுற பொடியனுக்கும் ஒருக்கா இப்பிடி வந்து, இதே எழுத்திலைதான் தப்பினவன்."

"அண்ணை, நான் நிண்டது உண்மை. அவ பயந்ததுக்கு மன்னிப்பும் கேக்கிறன். ஆனால் தகாத நடத்தை எண்டு போட்டிருக்கு. நான் ஏன் நிண்டனான் எண்டதை ஒரு வரி எழுதலாமெல்லோ?"

"ஒரு எழுத்தும் எழுதாதையும். வெள்ளை வான், ஆள் கடத்தல் எண்டெல்லாம் எழுதினால் அவன் உம்மையே கடத்துற ஆள் எண்டு நினைப்பான்."

"உண்மையைச் சொல்லுறதிலை என்ன?"

"உண்மை உமக்கு வேணுமோ, கார் வேணுமோ?"

கார் வேண்டும். அதில் இந்திரகுமாருக்குச் சந்தேகமே இல்லை. விமலாவுக்கு மாத முடிவில் வாடகை கட்ட வேண்டும். தகாதது என்ற ஒரு சொல்லை விழுங்கினால் எல்லாம் பழையபடி நடக்கும். குளிரறையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தார். கெட்ட மீன் போல இருந்தது. பிறகு, பழகினால் மணக்காது என்று நினைத்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எவ்வளவையோ பழகியாயிற்று. களைத்த மனிதனுக்கு மானம் ஒரு பாரம், இறக்கி வைத்தால் கொஞ்சம் நிமிரலாம் என்றுகூட அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை யதுஷனைப் பார்க்கப் போனார். வழக்கமாக இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில், காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, கோட்டோடு அவசரமாக ஓடிவருவார். இன்று அவசரம் இல்லை. போனையும் திறப்பையும் பெட்டியில் வைத்துப் பூட்டி, கையில் பட்டி கட்டி, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கக் காத்திருந்து உள்ளே போனார். யதுஷன் பிளாஸ்ரிக் கதிரையில் வெயில் விழும் பக்கமாக இருந்தான். முப்பத்து மூன்று வயதில் அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"என்ன அத்தான், மாப்பிள்ளைக் கோட்டைக் காணேல்லை?"

"வேலை நிண்டுபோச்சு."

சொல்ல நினைத்து வரவில்லை. ஆனால் சொல்லத் தொடங்கியதும் முழுவதையும் சொன்னார். விளக்கை அணைத்து எரித்த இடம் வந்ததும் யதுஷன் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இப்படிச் சிரித்து இந்திரகுமார் இங்கே கண்டதில்லை.

"கையும் காட்டினீங்களோ?"

"ஓமடா."

"ஐயோ அத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்தக் கடிதத்திலை என்ன இருந்தது? முழுக்கச் சொல்லுங்கோ."

இந்திரகுமார் மூன்று வரியையும் சொன்னார்.

"நாள் போட்டிருக்கோ?"

"ஓம்."

"தெரு?"

"அதுவும்."

"நீங்கள் என்னென்ன செய்தது எண்டு ஒவ்வொண்டாச் சொல்லியிருக்கோ?"

"ஓம், எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு."

யதுஷன், "நல்ல கம்பனி, அத்தான்" என்றான்.

அவன் கேலி பண்ணவில்லை என்பது இந்திரகுமாருக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

"என்ன பதில் எழுதினீங்கள்?"

"நாளைக்குத்தான் கடைசி நாள். கணேசண்ணை எழுதித் தந்தவர். என்ரை நடத்தை தகாதது, மன்னிக்கச் சொல்லி."

"தகாததாய் நடந்தனீங்களோ?"

"இல்லை."

"பிறகேன்?"

இந்திரகுமார் வேலியைப் பார்த்தார். விமலாவின் பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவனே புரிந்துகொண்டான்.

"எங்கட வாடகைக்காகவோ?"

"அதை விடு, யது."

"அத்தான், இஞ்சை ராத்திரியிலை நித்திரை வராது. நான் படுத்துக்கொண்டு பதில் சொல்லுவன். நான் கடை வச்சிருந்தது, ஆர் ஆர் சாமான் வாங்க வந்தது, ஆருக்குக் கடன் குடுத்தது, எந்தச் சோதனைச் சாவடியிலை என்ன பேர் சொன்னது, எல்லாத்துக்கும். ஒண்டு விடாமல் பதில் வச்சிருக்கிறன். கேள்விதான் வரேல்லை." அவன் தன் கைப்பட்டியைத் திருகினான். "உங்களுக்குக் கேள்வி வந்திருக்கு. அதுக்குப் போய்ப் பொய்யான பதிலை எழுதப்போறீங்களோ?"

"பிள்ளையள் என்ன செய்யும்?"

"விமலா தையல் துடங்கப் போறன் எண்டு போன கிழமையும் சொன்னவள். நான்தான் வேண்டாம் எண்டனான். இப்ப ஓம் எண்டு சொல்லுறன்."

நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி வந்து சொன்னார். யதுஷன் எழுந்தான். "அந்தக் கம்பனியிலை எனக்கும் ஒரு வேலை பாருங்கோ" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலை குசினி மேசையில் இருந்து இந்திரகுமார் தமிழில் சொல்லச் சொல்ல மிதுஷா ஆங்கிலத்தில் தட்டினாள். நிரஞ்சினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: நான் நின்றது உண்மை. விளக்கை எரித்ததும், வெளிச்சம் வரும்வரை பார்த்திருந்ததும் உண்மை. நான் முன்பு ஓட்டிய ஊரில் வாசலில் இறங்கியவர்கள் வீட்டுக்குள் போய்ச் சேராமல் காணாமல் போனார்கள். அதனால் கேற் பூட்டும்வரை நிற்பது எங்கள் தொழில் முறை. அது இங்கே பயத்தைக் கொடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, என் மகள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பெண் பயந்ததற்கு மனதார வருந்துகிறேன். இனி நிற்க மாட்டேன். ஆனால் என் நடத்தை தகாதது என்று எழுத மாட்டேன். அது உண்மையில்லை. என்னை நிறுத்துவதற்கு முன் நீங்கள் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

"கடைசி வரி வேணுமா, அப்பா? தே வோன்ட் லைக் இட்."

இந்திரகுமார் நிரஞ்சினியைப் பார்த்தார். அவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயமும் இருந்தது. "அது இருக்கட்டும்" என்றாள்.

பதிலின் பிரதி தன் கணக்கில் வந்து விழுந்ததும் கணேசலிங்கம் மறுநாளே கூப்பிட்டுக் குதித்தார். கம்பனிக்குப் புத்தி சொல்ல உம்மை ஆர் கேட்டது என்றார். தன்னுடைய கணக்குக்கும் கரும்புள்ளி வரப்போகிறது என்றார். வார இறுதிக் காரை ஒரு பஞ்சாபி மாணவனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கோபம் அடங்கியபின், "கோயிலுக்கெண்டாலும் ஒருக்காப் போட்டு வாரும்" என்றார். அது அவருடைய அன்பு. வேறு விதமாக அன்பு காட்ட அவருக்குத் தெரியாது.

இந்திரகுமார் களஞ்சியத்தில் சனிக்கிழமையும் வேலை கேட்டு எடுத்தார். இப்போது ஆறு நாளும் குளிரறைச் சட்டை. வீட்டுக்கு வந்தால் சோபாவிலேயே தூங்கிவிடுவார். கம்பனியின் பதில் வந்த மாலையிலும் அப்படித்தான் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கணேசலிங்கம் அனுப்பிவைத்த அதை நிரஞ்சினிதான் படித்தாள். உங்கள் கருத்துக்கு நன்றி, உங்களுடன் தொடர்ந்து இயங்குவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். அவர் எழுதிய எதைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. அவள் அவரை எழுப்பவில்லை. விடியுமுன் எழும்ப வேண்டிய மனிதர்.

குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு வவுனியாவுக்குப் போன் எடுத்தாள். அங்கே இன்னும் வெயில் நேரம். விமலா மிதிக்கும் தையல் மெசினின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"விமலா, இந்த மாதம் கொஞ்சம் குறையும். இவருக்கு அந்தக் கார் வேலை இனி இல்லை."

"ஐயோ மச்சாள், அண்ணை என்ன பிழை விட்டவர்?"

தையல் சத்தம் நின்றது. யதுஷனைப் பற்றி எல்லோரும் கேட்டது இப்போது தன் வாயிலிருந்தும் வந்தது விமலாவுக்கே கேட்டிருக்க வேண்டும்.

"ஒண்டும் விடேல்லை" என்றாள் நிரஞ்சினி. "அதை எழுதியும் குடுத்தவர்."